பரவையின் ஆழம்

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, பிறர் தமிழில் சொன்னவற்றைச் சிங்களத்தில் எழுதி, அதன் அடியில் ‘மூலத்துக்கு உண்மையானதும் சரியானதுமான மொழிபெயர்ப்பு’ என்று சான்றுரைத்து முத்திரை பதித்து வருகிறேன். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, மணப்பதிவு, பொலிஸ் முறைப்பாடு என்று என் மேசையைக் கடந்துபோன தாள்கள் பல. அவற்றுள் ஒன்றில் நான் இட்ட இரண்டு சொற்கள் உண்மையும் அல்ல, சரியும் அல்ல. அந்த இரண்டு சொற்களால் ஒருவர் தம் வள்ளத்தை இழக்க இருந்தார். அதை எழுதிவைக்க வேண்டியவன் நானே.

நான் பிறந்தது கொட்டாஞ்சேனையில். பெற்றோர் யாழ்ப்பாணத்தவர், தந்தையார் துறைமுகத்தில் எழுத்தராயிருந்தார். இப்போது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் குடியிருக்கிறேன். ஒழுங்கை முடியுமிடத்தில் தொடருந்துப் பாதை, அதற்கப்பால் கருங்கற்கள், அதற்கப்பால் கடல். இறங்கி நடக்கக்கூடிய கடல் அன்று. கல்லைத் தாண்டியவரை அலை அடித்து வீழ்த்திவிடும். என் வாழ்நாளில் நான் நன்கறிந்த கடல் இது ஒன்றே. கடல் என்றாலே ஆழம் என்று நான் எண்ணியிருந்ததற்கு இது ஒரு காரணம்.

நிகண்டு மற்றொரு காரணம். கடலின் பெயர்களை ஒரே மூச்சில் ஒப்புவித்துப் பள்ளியில் பரிசு பெற்றவன் நான். ஆழி, அளக்கர், ஆர்கலி, உவரி, பரவை, புணரி, பௌவம், முந்நீர் என்று இன்றும் தடங்கலின்றிச் சொல்வேன். இவை யாவும் ஒரு பொருளையே குறிப்பன என்று கற்றேன், கற்றதை ஐயுறவில்லை. சொற்களில் தூய்மை பேணுவதில் எனக்கு இளமையிலிருந்தே நாட்டம் உண்டு. என் முத்திரையில் ‘சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்’ என்று வடசொல் இருப்பதுகூட எனக்கு உறுத்தலே. அது சட்டம் இட்ட பெயர். மாற்ற எனக்கு உரிமையில்லை. முத்திரைக்கு மேலே உள்ள பகுதியையாவது என் விருப்பப்படி திருத்தமாக எழுதுவேன்.

சென்ற ஆண்டு, கொட்டாஞ்சேனையில் தையற்கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி என்னைத் தேடி வந்தார். ஐம்பது வயது இருக்கலாம். மின்தூக்கி பழுதாயிருந்ததால் மூன்று மாடியும் ஏறி வந்திருந்தார். கதிரையில் அமர்ந்து மூச்சு வாங்கிய பின் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

“ஐயா, தம்பியின்ர வள்ளத்தைப் பிடிச்சு வச்சிருக்கினம். அப்பீல் கொழும்பில. விசாரிக்கிற ஆளுக்குத் தமிழ் தெரியாதாம். இதை அப்பிடியே சிங்களத்தில எழுதித் தாங்கோ.”

“அப்படியேதான் எழுதுவேன், அம்மா. அதுதான் என் தொழில்” என்றேன்.

அவருடைய தம்பி யாழ்ப்பாணத் தீவொன்றில் கடற்றொழில் செய்பவர். அவரிடம் இருந்தது ஒரு சிறு கண்ணாடியிழை வள்ளமும் ஓர் எஞ்சினும். கரையை அண்டிய நீரில் மட்டும் தொழில் செய்ய அந்த வள்ளத்துக்கு அனுமதி. ஒரு காலையில் சுற்றுக்காவல் படகொன்று அதை எல்லைக்கு வெளியே கண்டு பிடித்தது. வேண்டுமென்றே வெளியே போனார் என்றால் அனுமதி நீக்கப்படும், வள்ளமும் திரும்பாது. எஞ்சின் நின்று காற்றில் அடிபட்டுப் போனார் என்றால் குற்றமில்லை. வள்ளம் போய்விட்டால் அவர் பிறர் வள்ளத்தில் கூலிக்கு ஏறவேண்டியதுதான். இவ்வளவையும் அந்த அம்மையார் எனக்கு விளக்கமாகச் சொன்னார். ஆகவே, அறியாமல் எழுதினேன் என்று நான் சொல்ல இடமில்லை.

தம்பியார் சொன்னதை ஊரில் யாரோ கடிதம் எழுதித் தருபவர் எழுதியிருந்தார். அதன் நடுவில் இருந்த வரி இது: ‘எஞ்சின் நிற்கும்வரை நாங்கள் பரவையிலேயே நின்றோம். அதன் பிறகு காற்று எங்களை வெளியே கொண்டுபோனது.’

பரவை என்ற சொல்லைக் கண்டதும் எனக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று. ‘கடல்’ என்று எழுதியிருந்தால் நான் நின்று பார்த்திருக்கமாட்டேன். செய்யுளில் மட்டும் வாழ்வதாக நான் நினைத்திருந்த ஒரு சொல், எஞ்சினுக்கும் காற்றுக்கும் நடுவே, ஒரு கடற்றொழிலாளர் வாயிலிருந்து வந்திருந்தது. அம்மையார் போன பின், சமையலறையில் நின்ற என் மனைவியிடம், “பரவை என்று எழுதியிருக்கிறார்கள், பார்த்தாயா! பழந்தமிழ் கரையோரத்தில் இன்னும் இருக்கிறது” என்று உரக்கச் சொன்னேன். அவர் குழாயைத் திறந்துவிட்டு மீன் கழுவிக்கொண்டிருந்தார். கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதை எழுத நேர்ந்திராது.

சிங்களத்தில் கடலுக்கு ‘முஹுத’ என்பது பொதுச்சொல். பரவையை வெறும் முஹுத என்று எழுதுவது அதன் பெருமையைக் குறைப்பதாகும் என்று எனக்குப் பட்டது. ஆகவே ‘கெம்புரு முஹுத’ என்று எழுதினேன். ஆழ்கடல் என்பது பொருள். ‘எஞ்சின் நிற்கும்வரை நாங்கள் ஆழ்கடலிலேயே இருந்தோம்’ என்று அந்த மனிதரைக் கொண்டு நான் சொல்லுவித்தேன். அடியில் உண்மை என்றும் சரி என்றும் எழுதி முத்திரையை அழுத்தினேன்.

இரண்டு கிழமை கழித்து அம்மையார் மீண்டும் வந்தார். இம்முறை தம்பியாரும் உடன் வந்திருந்தார். உயரமான மனிதர், வாசலில் குனிந்து நுழைந்தார். கதிரையின் நுனியில் அமர்ந்து, கையிலிருந்த கடித உறையைத் தம் அக்காவிடம் கொடுத்தார். அக்கா அதை என்னிடம் நீட்டினார்.

விசாரணை அலுவலரின் கடிதம் அது. எஞ்சின் பழுதாகும் முன்பே ஆழ்கடலில் இருந்ததாக மேன்முறையீட்டாளர் தாமே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே அனுமதியை ஏன் நீக்கக்கூடாது என்பதற்கு நேரில் வந்து காரணம் கூறவேண்டும் என்று அதில் இருந்தது. நான் அதை அவர்களுக்குத் தமிழில் படித்துக்காட்டினேன்.

தம்பியார் கடிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “ஆழ்கடல் எண்டு நான் எங்க ஐயா சொன்னனான்?” என்று கேட்டார்.

“பரவை என்று சொல்லியிருக்கிறீர்களே.”

“ஓம். பரவை எண்டுதான் சொன்னனான்.”

“பரவை என்றால் பெருங்கடல்தானே?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் சினம் இல்லை. சிறுபிள்ளை தவறாக எண்ணும்போது பெரியவர்கள் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“ஐயா, பரவையெண்டா நெஞ்சளவுத் தண்ணி. சில இடத்தில இடுப்பளவு. தடி நட்டு வலை கட்டுற இடம். அதுக்கு அங்கால இருக்கிறதைத்தான் பெரிய கடல், ஆழக்கடல் எண்டு சொல்லுவம். வலை கட்டி முடிச்சு வள்ளத்தில ஏறினாப் பிறகுதான் எஞ்சின் நிண்டது. நாங்கள் பரவையில நிண்டனாங்கள் எண்டா, நிலத்தில கால் வச்சு நிண்டனாங்கள்.”

“காலில நிண்டவனைக் கொண்டுபோய் நடுக்கடலில விட்டிட்டியளே ஐயா” என்றார் அக்கா.

அந்த வேளையில் என் மனைவி தேநீர்த் தட்டோடு வந்தார். அவர் தீவுப்பகுதியில் பிறந்தவர். மணமான பின்னரே கொழும்புக்கு வந்தவர். தட்டை மேசையில் வைத்துவிட்டு, “என்ன, பரவையோ? சின்னனில பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பரவையுக்குள்ள நடந்துபோய் நண்டு பிடிச்சனாங்கள்” என்றார்.

அவர் என் முகத்தைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், விளங்கிக்கொண்டார்.

“இஞ்சருங்கோ, என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?”

“சொன்னேன். குழாய் ஓடிக்கொண்டிருந்தது.”

“சொன்னதும் கேட்டதும் ஒண்டோ?” என்றார்.

தம்பியார் தலையைக் குனிந்து தேநீரை எடுத்தார். சிரிப்பை மறைத்தார் என்றே நினைக்கிறேன். அந்த நிலையிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது எனக்கு ஆறுதலாயிருந்தது.

அவர்கள் சென்ற பின் அகராதிகளை எடுத்து மேசையில் அடுக்கினேன். தேடத் தேடத் தெரிந்தவை வெட்கம் தருபவை. பரவு என்ற வினையிலிருந்து வந்தது பரவை. பரந்தது என்பதே அதன் பொருள். அகலத்தைச் சொல்கிறது, ஆழத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆழமில்லாத நீர்தான் தரையெங்கும் பரந்து கிடக்கும். தீவுக்காரர் வழக்கு வேர்ச்சொல்லை விட்டு ஓரடியும் விலகவில்லை, விலகியவன் நான்.

மற்றப் பெயர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உவரி உப்பைச் சொல்கிறது. ஆர்கலி ஓசையைச் சொல்கிறது. பௌவத்துக்கு நுரை என்றும் பொருள் உண்டு. அளக்கருக்குச் சேறு என்றும் உப்பளம் என்றும் பொருள் இருக்கிறது. அதுவும் ஆழமற்ற நீரைப் பார்த்தவர் இட்ட பெயராகவே இருக்கவேண்டும். முந்நீரின் மூன்று எவை என்பதில் உரைகாரர்கள் இன்னும் உடன்படவில்லை. நான் ஒப்புவித்த வரிசையில் ஆழத்தைத் தன் பெயரிலேயே தாங்குவது ஆழி ஒன்றுதான். ஆழ் என்னும் வினையடியிலிருந்து அது பிறந்தது என்பர். ஆழிக்கு வட்டம், சக்கரம், மோதிரம் என்ற பொருள்களும் உண்டு. உலகைச் சூழ்ந்து கிடப்பதால் வந்த பெயரோ என்று கருதுவோரும் உளர். அதுவும் முடிந்த வழக்கு அன்று. எட்டுப் பேர் எட்டு இடத்தில் நின்று பார்த்து இட்ட பெயர்களை ஒரு மூச்சில் சொல்லிப் பழகியதால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டிவிட்டேன்.

ஆராய்ச்சி அவ்வளவில் இருக்க, வள்ளத்துக்கு ஒரு வழி வேண்டும். நீதிமன்றங்கள் உள்ள புதுக்கடையில் வழக்கறிஞராயிருக்கும் நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் கேட்டுவிட்டு உடனே வழி சொன்னார்.

“அண்ணை, டைப்பிங் மிஸ்டேக் எண்டு ஒரு சத்தியக்கடதாசி போடுங்கோ. ‘கெம்புரு’ எண்டது தவறுதலா விழுந்திட்டுது. அவ்வளவுதான். அந்தாளும் தப்பும், நீங்களும் தப்புவியள்.”

“தட்டச்சில் ஓர் எழுத்து மாறி விழலாம். ஒரு முழுச் சொல் எப்படி விழும்?”

“உங்களுக்கு முப்பது வருசப் பேர் இருக்கு, அண்ணை. பொருள் தெரியாம எழுதினனான் எண்டு எழுதிக் குடுத்தால், நாளைக்கு ஆர் உங்களிட்ட வருவினம்? ஆரும் முறைப்பாடு போட்டால் முத்திரையும் போயிடும்.”

அவர் சொன்னதை ஒருநாள் முழுவதும் எண்ணிப் பார்த்தேன். எண்ணவில்லை என்று சொல்வது பொய். என் வருவாயும் பெயரும் அந்த முத்திரையில்தான் இருக்கின்றன. ஆயினும் கணக்கு நேராக வரவில்லை. ‘கெம்புரு’ என்பதை மட்டும் நீக்கினால் மிஞ்சுவது ‘முஹுத’, வெறும் கடல். எஞ்சின் நிற்கும்வரை கடலில் இருந்தோம் என்பது அவரைக் காப்பாற்றாது. பரவை என்பது கால் ஊன்றி நிற்கக்கூடிய நீர் என்று நான் சான்றுரைத்தால் மட்டுமே வள்ளம் திரும்பும். அதைச் சொன்னால், முன்னர் அறியாமல் எழுதினேன் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க வழியில்லை.

விசாரணை கொள்ளுப்பிட்டியில், ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில் நடந்தது. அக்கா தம்பியரோடு நானும் போனேன். அலுவலர் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்; தென்கரை ஊரொன்றைச் சேர்ந்தவர் என்று பின்னர் பேச்சில் தெரிந்தது. நான் எழுந்து, என் மொழிபெயர்ப்பில் பிழை உள்ளது என்று சிங்களத்தில் சொன்னேன்.

அவர் கோப்பைப் புரட்டினார். “முத்திரை உங்களுடையது. சரி என்று உறுதி சொன்னவர் நீங்கள். கடிதம் போன பிறகு பிழை என்கிறீர்கள். யாராவது மாற்றச் சொன்னார்களா?” என்று கேட்டார்.

நான் அஞ்சியிருந்தது அறியாதவன் என்ற பெயருக்கு. விலைபோனவன் என்ற பெயர் வரக்கூடும் என்று எண்ணவில்லை. சொல்லின் வேரிலிருந்து தொடங்கினேன். பரவு என்பது வினை, பரவை என்பது அதிலிருந்து பிறந்த பெயர், நிகண்டில் அது கடலின் பெயர்களுள் ஒன்று, வட்டார வழக்கில் வேறு பொருள் என்று விளக்கிக்கொண்டு போனேன். அவர் பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். என் சொற்கள் எதுவும் அவரிடம் சேரவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

தம்பியார் மெல்ல, “ஐயா, நான் ஒருக்காக் காட்டட்டோ?” என்றார்.

எழுந்து நின்றார். வலக்கையை மட்டமாக விரித்து நெஞ்சின் குறுக்கே வைத்தார். “மிஸ், மெச்சர வத்துர” என்றார். இவ்வளவு தண்ணீர் என்பது பொருள். சந்தையிலும் துறையிலும் பொறுக்கிய சிங்களம் அவருடையது. பிறகு இரு கைகளாலும் ஒரு தடியைப் பிடித்துத் தரையில் ஊன்றுவதுபோல் ஊன்றி, இன்னொன்றை ஊன்றி, இடையே வலையைக் கட்டிக் காட்டினார். அலுவலகத்தின் நடுவே, சப்பாத்துக் காலோடு, நீரைத் தள்ளிக்கொண்டு நடப்பவர்போல் நாலு அடி நடந்தார். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார்.

“ஆ… கலப்புவ!”

“ஓம் மிஸ், கலப்புவ, கலப்புவ!” என்று தம்பியார் கூவினார்.

அலுவலர் என் பக்கம் திரும்பினார். “மாத்தயா, கலப்புவ என்ற சொல் உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். கடலை அண்டிப் பரந்து கிடக்கும் ஆழமற்ற நீருக்குச் சிங்களத்தில் அதுதான் சொல். நீர்கொழும்புக் காணி உறுதிகளில் அதை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். தமிழிலும் களப்பு என்ற சொல் உண்டு. மட்டக்களப்பின் பெயரிலேயே இருக்கிறது. இரண்டும் என் கைக்கெட்டும் தொலைவில் இருந்தன. நான்தான் நிகண்டைத் தேடிப் போயிருந்தேன்.

“தெரியும். பரவை அதுவென்று தெரியவில்லை” என்றேன்.

“அதையே எழுதித் தாருங்கள்” என்று ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

அங்கேயே உட்கார்ந்து சிங்களத்தில் எழுதினேன். பரவை என்னும் சொல்லுக்கு மேன்முறையீட்டாளரின் ஊர் வழக்கில் உள்ள பொருளை நான் அறிந்திருக்கவில்லை. அறிந்தவரைக் கேட்கவும் இல்லை. ஆழ்கடல் என்ற சொற்களை மூலத்தில் ஆதாரமின்றி நானே சேர்த்தேன். எழுதி முடித்ததும், மேன்முறையீட்டாளரின் வரியைத் திருத்தி எழுதும்போது ‘கலப்புவ’ என்று மாற்றவா என்று யோசித்தேன். கடைசியில் ‘பரவை’ என்ற தமிழ்ச்சொல்லை அப்படியே சிங்கள எழுத்தில் எழுதி, ‘கால் ஊன்றி நிற்கக்கூடிய, கலப்புவ போன்ற நீர்’ என்று பக்கத்தில் விளக்கம் கொடுத்தேன்.

அலுவலர் படித்தார். “முத்திரை கொண்டுவந்தீர்களா?” என்றார்.

கொண்டுவந்திருந்தேன். பதித்தேன். அவர் கோப்பை மூடுகையில், தம் ஊரில் சிறுமியாயிருந்தபோது அண்ணன்மாரோடு இறால் வாரப் போனதாகச் சொன்னார். முடிவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

படியிறங்கும்போது தம்பியார், “என்ன எழுதினியள் ஐயா?” என்று கேட்டார். படித்துச் சொன்னேன். “பரவை எண்டே விட்டிருக்கிறியளோ?” என்றார். ஆம் என்றேன். “அப்ப சரி. இனி அதை ஒருத்தரும் ஆழமாக்கேலாது” என்றார்.

மூன்று கிழமை கழித்து முடிவு வந்தது. அனுமதி நீடிக்கும், வள்ளத்தை எடுத்துக்கொள்ளலாம். வள்ளம் திரும்பிய நிலை நல்லதன்று. மாதக்கணக்கில் வெயிலிலும் உப்புக்காற்றிலும் கிடந்ததால் எஞ்சின் இறுகிப்போயிருந்தது. அதைத் திருத்தி மீண்டும் தொழிலுக்கு இறங்க அவருக்கு மேலும் ஒரு மாதம் ஆயிற்று என்று அக்கா சொன்னார். அந்த மாதத்தில் ஒரு பாதியாவது என் இரண்டு சொற்களுக்குரியது.

என் முத்திரை இன்னும் என்னிடமே இருக்கிறது. முறைப்பாடு எதுவும் வரவில்லை. நண்பர் அஞ்சியதுபோல் ஆட்கள் குறையவுமில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து கடற்றொழிலாளர் வீட்டுத் தாள்கள் மூன்று வந்தன. அக்கா அனுப்பியவை. “பிழையெண்டாத் தானே வந்து திருத்துவார்” என்று சொல்லி அனுப்பியதாக அவர்கள் கூறினர். அதைப் புகழ்ச்சியாக எடுப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மூன்றையும் எழுதும் முன் மனைவிக்குப் படித்துக்காட்டினேன். ஒரு தாளில் இரண்டு சொற்களை அவர் திருத்தினார்.

பின்னொரு காலை, நான் மேசையில் இருந்தபோது தொலைபேசி ஒலித்தது. காற்றின் இரைச்சலுக்கு நடுவே தம்பியாரின் குரல்.

“ஐயா, கேக்குதோ? பரவையுக்குள்ள நிண்டு கதைக்கிறன்.”

“எஞ்சின் ஓடுகிறதா?”

“ஓடுது, ஓடுது. ஓட்டிக்கொண்டுதான் வந்தனான். வள்ளத்தைக் கட்டிப்போட்டு இறங்கி நிக்கிறன்.”

“எவ்வளவு ஆழம்?” என்று கேட்டேன். எழுதுகோல் கையில் இருந்தது. அகராதியில் பரவை என்னும் சொல்லுக்கு நேரே குறித்துவைக்க எண்ணியே கேட்டேன்.

நீர் அளையும் ஓசை கேட்டது. பார்க்கிறார் போலும்.

“எனக்கு நெஞ்சளவு ஐயா. நீங்கள் வந்தால் கழுத்துக்கு வரும். அதுக்காக ஆழ்கடல் எண்டு எழுதிப்போடாதேங்கோ.”